பின்சீட்டு ஐஸ் பெட்டிக்கு

குணசுந்தரி பொய் சொல்ல மாட்டாள் என்று திருவொற்றியூர் மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நேற்றைய வஞ்சிரத்தை இன்றைக்கு வந்தது என்பதெல்லாம் வியாபாரம், அதைப் பொய்யில் சேர்ப்பது நியாயமில்லை. அப்பேர்ப்பட்டவள் தன் நாற்பத்தெட்டாவது வயதில், கட்டின புருஷனிடமே, கண்ணைச் சிமிட்டாமல் ஒரு பொய் சொன்னாள். ராயபுரத்தில், மொஹ்சின் பாயின் குடோனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

"ரெண்டு சீட்டு வெச்சதுதான் வோணும். பின்சீட்ல ஐஸ் பொட்டி வெச்சிக்கலாம்" என்றாள்.

அந்தப் பொய்க்குப் பின்னால் ஒரு ஆசை இருந்தது. தண்ணீரின் மேல் ஒரு தடவையாவது போக வேண்டும் என்ற ஆசை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டின குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் மூன்றாவது தெருவில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தண்ணீரா கிடைக்கவில்லை என்பார்கள். கிடைக்கவில்லைதான். அவள் முழங்கால் நனைகிற ஆழத்தைத் தாண்டியதே கிடையாது. அவர்கள் குப்பத்தில் பெண்கள் மீனை அறுக்கலாம், விற்கலாம், வலையைக்கூடத் தைக்கலாம், ஆனால் போட்டில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் கடலம்மா கோபித்துக்கொள்வாளாம். கடலம்மாவும் பொம்பளைதானே, அவளுக்கு இன்னா கோவம் என்று சின்ன வயதில் கேட்டுவிட்டு, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காத ஆசை அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் ஆசையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்.

அவள் புருஷன் மதியழகனுக்கும் ஒரு ஆசை இருந்தது. அதை அவன் ஊருக்கே தெரியும்படி வைத்திருந்தான். இருபத்திரண்டு வருஷமாக சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறவன் அவன். மீன்காரக் குடும்பத்தில் பிறந்தும் சொந்தப் போட்டு இல்லாததால் குப்பம் அவனை இரும்புக்காரன் என்றே கூப்பிட்டது. அம்மன் கோயிலில் கூடும் ஊர்க் கூட்டத்தில் போட்டு உள்ளவர்கள் பாயில் உட்கார்ந்து பேசுவார்கள், மற்றவர்கள் சுவரோரம் நின்று கேட்பார்கள். மதி இருபத்திரண்டு வருஷமாக நின்றான். தனக்கென்று ஒரு போட்டு, அதற்கு ஊர் தரும் ஒரு நம்பர், பாயில் ஓரமாக ஓர் இடம், இவ்வளவுதான் அவன் கேட்டது.

ஃபைபர் போட்டு வாங்க வசதியில்லை என்று ஒதுங்கி இருந்தவனை செல்போன்தான் கெடுத்தது. எங்கோ ஒரு நாட்டில், கயாக் என்னும் ஒல்லிப் படகில் ஒருவன் நின்றுகொண்டு நீளமான கழியை வீசுகிறான். மற்ற தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். இதிலோ கயிறுதான் கனம், முள்ளில் கட்டிய இறகுக்கு எடையே இல்லை. கயிறு பின்னால் போய் நீண்டு நிற்க வேண்டும், ஒரு மூச்சு பொறுக்க வேண்டும், அப்புறம் முன்னால் விட வேண்டும். மதி அந்த வீடியோவைச் சாப்பிடும்போதெல்லாம் பார்த்தான். பழைய கப்பல் சாமான் வாங்கி விற்கும் மொஹ்சினிடம், ஏதோ ஒரு கப்பல் என்ஜினியர் விட்டுப் போன அப்படியொரு கழி கிடைத்ததும் கிறுக்கு முற்றிவிட்டது.

அவன் செய்த ஒரே தப்பு, ஃப்ளை ஃபிஷிங் என்ற அதன் பெயரைத் தமிழில் சொன்னது. ஃப்ளை என்றால் ஈ, ஆகவே இது ஈத் தூண்டில் என்று டீக்கடையில் வைத்து விளக்கினான். வேலைவெட்டி இல்லாதவனை ஈ ஓட்டுகிறான் என்று சொல்லும் ஊரில் இப்படி வாயைக் கொடுக்கலாமா. மறுநாளிலிருந்து "இன்னா மதி, ஈ ஓட்டிகினு கீறியா" என்று கேட்காத ஆள் இல்லை.

குணசுந்தரியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அவன் கோழிக்கடையிலிருந்து இறகு வாங்கி வந்து, நூல் சுற்றி, இறால் போல ஒன்று கட்டிக் காட்டியபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"தலைய மாத்தி வெச்சிக்கிறியே. எறா பயந்தா முன்னாடியா போவும்? வால மடக்கிப் பின்னாடிதான் தாவும். கண்ணு முள்ளோட வளைவுப் பக்கம் வரணும், அப்பத்தான் நீ இஸ்தா பின்னாடி தாவற மாரி தெரியும்."

மதி வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். அவள் சொன்ன மாதிரிதான் இருந்தது. அன்றிலிருந்து இறகு கட்டும் வேலை அவளுடையதாயிற்று, மார்க்கெட்டிலிருந்து வந்து கை கழுவியதும் அவளே நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு ரிசார்ட்டை மூடிவிட்டார்கள், மூன்று கயாக் வந்திருக்கிறது என்று மொஹ்சின் போன் செய்தான். விலை பேச ஆள் வேண்டும் என்று மதி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனான். பெண் பார்க்கப் போகிறவன் போல வெள்ளைச் சட்டை வேறு.

முதலாவது சிவப்பு நிறம், நீளமாக, ஒடிசலாக இருந்தது. உள்ளே காலை விட்டு உட்கார வேண்டும். மதி பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டான். குணசுந்தரி அதைச் சுற்றி வந்தாள், கட்டை விரலால் அமுக்கினாள், தட்டினாள், முகர்ந்தும் பார்த்தாள். மொஹ்சின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, இது மீனு இல்ல."

"தெரியும் பாய். யோவ், நீ இதுல ஏறி நில்லு. கண்ண மூடிக்கோ."

மதி சிமெண்ட் தரையில் கிடந்த கயாக்கில் ஏறிக் கண்ணை மூடினான். அவள் பக்கவாட்டில் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அவன் மொஹ்சினின் தோளில் போய் விழுந்தான். அடி உருண்டையாக இருந்தது, தரையிலேயே இந்த ஆட்டம் ஆடினால் தண்ணீரில் கேட்கவே வேண்டாம். நின்று வீசுகிறவனுக்கு இது ஆகாது என்று அவள் முடித்துவிட்டாள்.

இரண்டாவது நீலம், ஒற்றை ஆள் உட்காருவது, அகலம். தள்ளினால் அசையவில்லை. ஆனால் கழி செருகும் குழாய், கொக்கி, திருகு என்று மேலெல்லாம் ஏதேதோ முளைத்திருந்தது. மதிக்கு அதெல்லாம் பெருமையாகத் தெரிந்தது. குணசுந்தரி தன் முந்தானையை அதன்மேல் விசிறிப் போட்டு இழுத்தாள். நான்கு இடத்தில் மாட்டியது.

"உன் கவுறு காலடியிலதான சுருண்டு கெடக்கும்? இதே கதிதான் ஆவும்" என்றாள்.

"சரி, அத்தெல்லாம் கயட்டிடலாமே."

மொஹ்சின் தலையைச் சொறிந்தான். "கயட்டலாம் மாமு. ஆனா ஒண்ணு கீது. ஈத் தூண்டிலுக்கு ரெண்டு கையும் வோணும், ஒரு கையில கழி, ஒரு கையில கவுறு. துடுப்ப யாரு புடிப்பா? காத்து அடிச்சா வண்டி அது பாட்டுக்கு சுத்திகினு போய்க்கினே இருக்கும். அதுக்குத்தான் அந்த ஊர்ல ரெண்டு பேரா போவாங்க. முன்னாடி கீறவன் வீசுவான், பின்னாடி கீறவன் வண்டிய நிறுத்திப் புடிப்பான்."

சுவரோரம் மூன்றாவது நின்றது. பச்சை, கனமானது, தட்டையான அடி, மேலே உட்காருகிற மாதிரி இரண்டு உயரமான சீட்டு, நடுவில் கயிறு கிடக்க வெறும் தளம். அந்தத் தளத்தில் நான்கைந்து ஓட்டை, ஏறுகிற தண்ணீர் தானாக வடிந்துபோகும். குணசுந்தரி அந்தப் பின்சீட்டைப் பார்த்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, அது வெளியே கேட்டுவிடுமோ என்று இருமினாள்.

"நான் ஒண்டி ஆளு, பின்னாடி யாரு ஒக்காருவா?" என்று மதி கேட்டபோதுதான் அந்த ஐஸ் பெட்டிப் பொய் வந்தது.

விலையை முடித்து, கூடவே இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் இரண்டு துடுப்பும் வேண்டும் என்றாள்.

"ஐஸ் பொட்டிக்கு எதுக்கு ஜாக்கெட்டு?" என்றான் மதி.

"ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணு."

மொஹ்சின் அவளை ஒரு தடவை பார்த்தான். உள்ளே போய், ஆரஞ்சு நிறத்தில் சின்ன அளவாக ஒரு ஜாக்கெட்டைத் தேடி எடுத்து வந்து கொடுத்தான். பார்க்கத் தெரிந்தவனுக்குப் புரிந்துவிட்டது, கூடவே படுத்து எழுந்திருக்கிறவனுக்குப் புரியவில்லை. உலகத்தில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டத்தில் மதி தன் கயாக்குக்கு நம்பர் கேட்டான். ஊருக்குத் தலைவர், நாட்டார் என்று அவர்கள் சொல்வது, குணசுந்தரியின் சொந்த அண்ணன் மாரியப்பன்தான். மச்சான் என்பதால் மதிக்கு நம்பிக்கை. ஆனால் கூட்டம் அன்று சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் எழுந்து பறந்துவிட்டன. என்ஜின் இல்லை, வலை இல்லை, ஓட்டை வேறு இருக்கிறது என்றார்கள். மாரியப்பன் கையை உயர்த்தி முடிவு சொன்னார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காத. இது போட்டு இல்ல. சோப்பு டப்பா. இத்த போட்டுன்னு எழுதினா நாளைக்கு பக்கெட்டுக்கும் நம்பர் கேப்பானுங்க."

போட்டு அல்ல என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். மதி மறுபடியும் சுவரோரம் போய் நின்றான்.

மூன்று வாரம் அவன் கழியைத் தொடவில்லை. கயாக் வீட்டுச் சுவரில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி அதன்மேல் நெத்திலி காயப்போட்டாள். பாயிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அவன் அவமானத்துக்கு அழுவதா, கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போகிறதே என்று தன் ஆசைக்கு அழுவதா என்று குணசுந்தரிக்கே தெரியவில்லை.

மறுநாள் மார்க்கெட்டில் ஒரு கொடுவாயைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. கத்தி பாதியில் நின்றது. இது போட்டு இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஊரே சொல்லிவிட்டது, எழுதியும் வைத்துவிட்டது. பொம்பளை ஏறக் கூடாதது போட்டில்தானே. சோப்பு டப்பாவில் ஏறக் கூடாது என்று யார் சொன்னது? மீன் வாங்க நின்ற ஒரு அம்மா, "இன்னாமா, தானா சிரிக்கிற?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் மதி வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம தண்ணிக்குப் போவலாம்யா. நானும் வரேன்."

"எங்க வர?"

"பின்சீட்டுக்கு."

"பொம்பள போட்ல ஏறுவாளா?"

"போட்லதான ஏறக் கூடாது?"

மதி சட்டையும் கையுமாக நின்றான். மெல்ல மெல்ல அவனுக்கு விளங்கியது. மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஐஸ் பொட்டி?" என்றான்.

"ஐஸ் பொட்டி இன்னா ஐஸ் பொட்டி. எனுக்கு சின்ன வயசுலருந்து ஒரு ஆச. ஒருவாட்டியாவது தண்ணி மேல போயிப் பாக்கணும்னு."

"இத்தினி வருசத்துல ஏன்மே சொல்லல?"

"சொன்னா நீ இல்லன்னுடுவ. உன் வாயால இல்லன்னு கேக்கறதுக்கு, கேக்காமலே இருந்துடலாம்னுதான்."

மதி சட்டையைக் கொடியில் போட்டான். வெளியே போய், கயாக்கின்மேல் கிடந்த நெத்திலியை முறத்தில் வாரி வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தான். குணசுந்தரிக்கு அவன்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு வந்ததில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி, தண்ணீர் ஏறுகிற நேரம். அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு மேல் வெயில் வந்துவிட்டது. நம்பர் எழுதின போட்டுகள் கரையில் வரிசையாகக் கிடந்தன. வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் முதலில் ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்து, அப்புறம் அதற்குள் இருப்பது யார் என்று பார்த்து, கைவேலையை விட்டார்கள். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மதி முழங்கால் தண்ணீரில் நின்று கயாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சேதி போய், மாரியப்பன் வேகமாக வந்தார்.

"குணா, எறங்கு."

"ஏன்ணே?"

"பொம்பள போட்ல ஏறலாமா? ஒனுக்குத் தெரியாதா?"

"போட்டா? எங்கண்ணே கீது போட்டு? நீதான கோயிலாண்ட ஒக்காந்துகினு சொன்ன, சோப்பு டப்பான்னு. நோட்லகூட ஏத்திட்டீங்களே."

வலைக்காரர்களில் யாரோ களுக்கென்று சிரித்து, மாரியப்பன் திரும்பியதும் இருமலாக மாற்றிக்கொண்டார். மாரியப்பன் கெட்டவர் இல்லை. தங்கச்சியைத் தோளில் போட்டு வளர்த்தவர். அவருக்கு அது கோபமா பயமா என்று அவரையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, தங்கச்சியை விட்டுவிட்டு மாப்பிள்ளையிடம் வந்தார்.

"மாப்ள, தப்பு எங்க மேலதான். அன்னிக்கி நாங்க சிரிச்சிருக்கக் கூடாது. இத்த போட்டுன்னே எழுதிக்கிறோம், இன்னிக்கே நம்பர் குடுத்துடறேன். வர்ற வெள்ளிக்கெழம கூட்டத்துல நீ என் பக்கத்துல ஒக்காரு. இவள மட்டும் எறக்கி வுட்டுடு."

இப்படி ஒன்று வரும் என்று குணசுந்தரி நினைக்கவே இல்லை. நாட்டார் பக்கத்தில் இடம். அது மதிக்கு எவ்வளவு என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? கூட்டம் முடிந்து வருகிற ராத்திரிகளில், நின்று வலித்த காலைப் பிடித்துவிட்டவள் அவள்தானே. அவன் இறங்கு என்று சொன்னால் அதில் தப்பே இல்லை. அவனைச் சொல்ல வைத்துச் சங்கடப்படுத்துவானேன், நாமே இறங்கிவிடலாம் என்று விளிம்பில் கையை ஊன்றினாள்.

மதி வரிசையாகக் கிடந்த போட்டுகளைப் பார்த்தான். ஒவ்வொரு நம்பராகப் படிக்கிறவன் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் அவள் கை ஊன்றியிருப்பதைப் பார்த்தான்.

"இல்ல மச்சான். நீ சொன்னதுதான் ரைட்டு. நானும் நல்லா பாத்துட்டேன், இது போட்டு இல்ல."

"மாப்ள, யோசிச்சிப் பேசு. அப்பால வந்து கேட்டா கெடைக்காது."

"தெரியும் மச்சான். சோப்பு டப்பாவே இருக்கட்டும்." பெண்டாட்டியிடம் திரும்பி, "கைய எடுமே, வெரலு நசுங்கும்" என்றான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, துடுப்பால் மண்ணைக் குத்தித் தள்ளினான்.

முதல் பத்து நிமிஷம் கயாக் ஒரே இடத்தில் சுற்றியது. பின்னால் இருப்பவள்தான் திருப்ப வேண்டும், அவளுக்கோ எந்தப் பக்கம் துடுப்புப் போட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாது. கரையில் இருந்தவர்கள் சோத்தாங்கை, பீச்சாங்கை என்று கத்தி வழிசொன்னார்கள். ஊர் என்றால் அப்படித்தான், தடுக்க வந்த வாயாலேயே வழியும் சொல்லும். மாரியப்பன் மட்டும் பேசாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார், கவிழ்ந்தால் பிடிக்க.

தண்ணீருக்குள்ளேயே வேர்விட்டு நிற்கும் கண்டல் செடி ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குக் கை வந்துவிட்டது. துடுப்பை ஆழ ஊன்றிக் காற்றுக்கு எதிராக நிறுத்திப் பிடித்தாள். மதி எழுந்து நின்றான். "குனிஞ்சிக்கோ" என்றான். கயிறு அவள் தலைக்கு மேலே பின்னால் போய் நீண்டது, ஒரு மூச்சு நின்றது, பிறகு முன்னால் போய்ச் செடியின் நிழலில் சத்தமில்லாமல் விழுந்தது. அவள் கட்டின இறால் அது. மதி கயிற்றைச் சின்னச் சின்னதாக இழுத்தான். இறால் பின்னால் தாவித் தாவி வந்தது.

அப்போது நிழலிலிருந்து ஒன்று வெளியே வந்தது. முழங்கை நீளம். வெயில் பட்டதும் உடம்பு மினுங்கியது, கண் தணல் நிறத்தில் இருந்தது. அவசரமே இல்லாமல், வாலை லேசாக ஒதுக்கி, இறாலின் பின்னாலேயே கயாக் வரைக்கும் வந்து, அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தது. மதி பட்டென்று இழுத்தான். தண்ணீர் சுழித்தது, மீன் போய்விட்டது.

"சே, அவசரப்பட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான். பின்னால் சத்தமே இல்லாததால் திரும்பிப் பார்த்தான். அவள் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

"இன்னாமே, தண்ணி பட்டுச்சா? பயமா கீதா? கரைக்குப் போயிடலாமா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அது கொடுவாதான்யா. நான் எத்தினி ஆயிரம் கொடுவா அறுத்திருப்பேன். அதுக்கு இப்பிடி ஒரு கண்ணு கீதுன்னு யாருமே எனுக்கு சொல்லலியே."

மதி கழியைக் கீழே வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தான். இரண்டு பேருமாகத் துடுப்புப் போட, கயாக் குப்பத்தை விட்டு இன்னும் உள்ளே போனது.